எண்ணிக்கைக்கு வராதவர்கள்: இரண்டாம் உலகப் போரில் இந்தியாவின் உள்நாட்டு முனை

1939 செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. அன்றே இந்தியாவும் போரில் இருப்பதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். மத்திய சட்டசபையை அவர் கலந்தாலோசிக்கவில்லை. எட்டு மாகாணங்களில் ஆட்சி நடத்திக்கொண்டிருந்த காங்கிரஸைக் கேட்கவில்லை. ஏறக்குறைய நாற்பது கோடி மக்கள், தாங்கள் யாரோடு, எதற்காகப் போரிடுகிறோம் என்பதை மறுநாள் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டார்கள். அக்டோபர் கடைசியில் சென்னையில் ராஜாஜி மந்திரிசபை பதவி விலகியது. மற்ற காங்கிரஸ் மந்திரிசபைகளும் அடுத்தடுத்து விலகின. மாகாண ஆட்சி கவர்னர்கள் கைக்கும் அதிகாரிகள் கைக்கும் போனது. இந்தியாவின் போர்க்கால உள்நாட்டுக் கதை இந்தச் சம்மதமின்மையிலிருந்துதான் தொடங்குகிறது.

உள்நாட்டு முனை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது லண்டன்தான். குண்டு விழுந்த தெருக்கள், சுரங்க ரயில் நிலையத்தில் படுத்துறங்கிய குடும்பங்கள், ரேஷன் புத்தகம். அதே ஆண்டுகளில், அதே மகுடத்தின் கீழ், இந்தியாவில் நடந்ததைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். பேசும்போதும் ஆகஸ்ட் போராட்டம் ஒரு நூலில், வங்கப் பஞ்சம் இன்னொரு நூலில், பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களின் கதை வீட்டுப் பெரியவர்களின் பேச்சில் என்று எல்லாம் தனித்தனியாகக் கிடக்கின்றன. யாஸ்மின் கான் 2015-லும் ஸ்ரீநாத் ராகவன் 2016-லும் வெளியிட்ட நூல்கள் இவற்றைச் சேர்த்துப் பார்க்க வழி செய்தன. அப்படிச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. போர் வந்தால் பற்றாக்குறை வரும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் இருப்பதைப் பங்கிடும்போது யாரைக் கணக்கில் சேர்ப்பது, யாரை விடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம், மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாத ஓர் அரசிடம் இருந்தது. இந்தியாவின் உள்நாட்டு முனை சிதைந்ததற்கு வேர்க் காரணம் அதுதான் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

அச்சடித்த நோட்டும் ஓட்டைக் காலணாவும்

முதல் இரண்டு ஆண்டுகள் போர் தொலைவில்தான் இருந்தது. ஆலைகள் மூன்று ஷிஃப்ட் ஓடின. பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். கட்டாயச் சேர்ப்பு கிடையாது. ஆனால் வேலையில்லாத கிராமத்து இளைஞனுக்கு வயிறே போதுமான கட்டாயமாக இருந்தது. போர் தொடங்கியபோது சுமார் 2 லட்சம் பேர் இருந்த இந்திய ராணுவம், முடிந்தபோது 25 லட்சத்தை எட்டியிருந்தது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் பலரும் கவனிக்காத பகுதி. இந்தியாவின் சொந்தப் பாதுகாப்புக்கு மேற்பட்ட செலவைப் பிரிட்டன் ஏற்கும் என்று போர் தொடங்கிய சில மாதங்களில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். காகிதத்தில் அது நியாயமாகத்தான் தோன்றும். நடைமுறையில் பிரிட்டன் தன் பங்கை லண்டனில் ஸ்டெர்லிங் கணக்கில் வரவு வைத்தது. அந்த வரவை ஈடாகக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டு அச்சடித்தது. 1939-ல் சுமார் 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம் 1945-ல் 1,100 கோடியைத் தாண்டியது. பண்டம் அந்த அளவுக்குப் பெருகவில்லை. நெல், துணி, இரும்பு, மரம் எல்லாம் ராணுவத்துக்குப் போயின. சந்தையில் மிஞ்சியது குறைந்த சரக்கும் நிறைந்த காகிதமும். போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்குத் தர வேண்டிய கடன் சுமார் 130 கோடி பவுன். அந்தக் கடனை உண்மையில் கொடுத்தவர்கள் விலைவாசியால் பட்டினி கிடந்த கூலிக்காரர்கள். அவர்கள் பெயரில் எந்த வங்கியிலும் கணக்கு இல்லை.

சில்லறைத் தட்டுப்பாடு வந்தது. வெள்ளி நாணயத்தில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. ஒரு ரூபாய் நோட்டு மறுபடி வந்தது. உலோகத்தை மிச்சப்படுத்த 1943-ல் நடுவில் துளையிட்ட காலணாவை அடித்தார்கள். தமிழ்நாட்டு வீடுகளின் அஞ்சறைப் பெட்டியில் பல காலம் கிடந்த அந்த ஓட்டைக் காலணா போர்க்காலப் பொருள்தான். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. காகிதக் கட்டுப்பாட்டால் பத்திரிகைகள் மெலிந்தன. ஃபிலிம் தட்டுப்பாட்டால் சினிமாப் படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று விதி வந்தது; மணிக்கணக்காக ஓடிய பாட்டுப் படங்களுக்கு முடிவு வந்தது அப்படித்தான். நூல் விலை ஏற்றம் கைத்தறி நெசவாளியைத் தறியிலிருந்து இறக்கியது. அதே நூலை விற்ற ஆலைக்காரர்களுக்கு அது பொன்னான காலம். பதுக்கலும் கள்ளச் சந்தையும் அன்றாடச் சொற்களாயின.

பர்மா வழியும் சென்னையின் பீதியும்

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8-ல் ரங்கூன் போயிற்று. அதற்குள்ளாகவே பர்மாவிலிருந்த இந்தியர்கள் கூட்டம் கூட்டமாக மேற்கு நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் இந்தியா வந்து சேர்ந்ததாகக் கணக்கு. காட்டிலும் மலைப்பாதையிலும் காலராவுக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் பலியானவர்கள் எத்தனை பேர்? பத்தாயிரம் என்பவர்களும் உண்டு, அதைப் போலப் பல மடங்கு என்பவர்களும் உண்டு. ஐரோப்பியர்களுக்கு ஒரு பாதை, இந்தியக் கூலிகளுக்கு இன்னொரு பாதை என்று பிரித்து நடத்தினார்கள் என்ற குற்றச்சாட்டை அன்றைய இந்தியத் தலைவர்கள் பலமாக எழுப்பினார்கள். ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்திய வெ. சாமிநாத சர்மா மனைவியோடு நடந்து வந்து அந்த அனுபவத்தை நூலாக எழுதினார். எழுதத் தெரிந்தவருக்கு ஒரு நூல் வாய்த்தது. துறைமுகக் கூலியும் ரிக்‌ஷாக்காரரும் நடந்த நடைக்கு எழுத்தில் தடம் இல்லை.

பர்மாவோடு அரிசியும் போயிற்று. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் வந்துகொண்டிருந்த பர்மா அரிசி ஒரே பருவத்தில் நின்றது. நாட்டின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டால் இது சிறிய பங்குதான். ஆனால் திருவிதாங்கூரும் இலங்கையும் அந்த அரிசியை நம்பியே அடுப்பு மூட்டின. இலங்கையில் 1942-ல் எல்லோருக்குமாகத் தொடங்கிய பங்கீட்டு முறைதான் பின்னாளில் 'கூப்பன் கடை'யாக நிலைத்தது.

ஏப்ரல் 5-ல் கொழும்பிலும், 6-ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9-ல் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அந்த வாரத்தில் சென்னை பட்ட பாடு தனிக் கதை. எதிரிக் கடற்படை சென்னையை நோக்கி வருகிறது என்ற தவறான தகவலை நம்பி, அவசிய வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று அரசு சொன்னது. அலுவலகங்களே உள்மாவட்டங்களுக்குக் கிளம்பின. மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம், புலி, சிறுத்தை போன்றவற்றை, குண்டு விழுந்தால் தப்பி வெளியே வந்துவிடும் என்று போலீஸாரைக் கொண்டு சுட்டுக் கொன்றார்கள். நகரம் வெறிச்சோடியது. எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ரயில் ஏற முடிந்தவர்கள் ஏறினார்கள், மற்றவர்கள் மாட்டுவண்டியில் போனார்கள். ஊரில் வீடும் வயலும் உள்ளவருக்குப் போக இடம் இருந்தது. அன்றாடங்காய்ச்சிக்கு ஏது? கடைசியில் சென்னைமீது ஜப்பானிய விமானம் குண்டு போட்டது 1943 அக்டோபர் இரவு ஒன்றில், அதுவும் ஒரே ஒரு விமானம். சேதம் சொற்பம். ஆனால் 1942 ஏப்ரலிலேயே ஒன்று சேதமாகியிருந்தது. ஆபத்து வந்தால் அரசு நம்மைக் காக்கும் என்ற நம்பிக்கை கிழக்குக் கரை முழுவதும் அறுந்து போயிருந்தது.

ஆகஸ்ட் 1942

இந்தியத் தலைவர்களோடு உடன்பாடு தேடிப் பிரிட்டன் அனுப்பிய கிரிப்ஸ் தூதுக்குழு அந்த ஏப்ரலில் தோற்றுத் திரும்பியது. ஆகஸ்ட் 8-ல் பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடிவதற்குள் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். தலைவர் இல்லாத கூட்டம் தண்டவாளத்தையும் தந்திக் கம்பியையும் நோக்கிப் போனது. திருவாடானையில் பட்டப்பகலில் மக்கள் சிறையை உடைத்து, கைதாகியிருந்த சின்ன அண்ணாமலையை மீட்டார்கள். சூலூர் விமானதளம் எரிந்தது. குலசேகரப்பட்டினத்தில் உப்பள அதிகாரி லோன் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் காசிராஜனுக்கும் ராஜகோபாலனுக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் குறைக்கப்பட்டது. ஜாம்ஷெட்பூர் இரும்பாலையிலும் அகமதாபாத் பஞ்சாலைகளிலும் வேலை நிறுத்தம். அடக்குவதற்கு 57 பட்டாளப் பிரிவுகள் இறங்கின. ஆண்டு முடிவதற்குள் 60,000-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ஜப்பானைத் தடுக்கத் திரட்டிய படையில் ஒரு பகுதி சொந்தக் குடிமக்கள்மீது திரும்பியது.

அரசியல் வெற்றிடத்தில் மற்றவர்கள் வளர்ந்தார்கள். சோவியத் நாடு தாக்கப்பட்ட பிறகு இந்தப் போரை மக்கள் போர் என்று அறிவித்த கம்யூனிஸ்ட் கட்சி 1942 ஜூலையில் தடை நீங்கி வெளியே வந்தது. போரை ஆதரித்த நீதிக்கட்சி 1944-ல் சேலத்தில் திராவிடர் கழகமாயிற்று. மந்திரிசபை அமைக்க முன்பு வந்த அழைப்பை அதன் தலைவர் பெரியார் ஏற்கவில்லை. எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் முஸ்லிம் லீக்கின் வளர்ச்சி. காங்கிரஸ் சிறையில் இருந்த ஆண்டுகளில் வங்கம், சிந்து, அசாம், எல்லைப்புற மாகாணங்களில் லீக் மந்திரிசபைகள் அமைந்தன. போர் முடிந்து நடந்த மத்திய சட்டசபைத் தேர்தலில் முஸ்லிம் தொகுதிகள் முப்பதையும் லீக் வென்றது. பிரிவினைக்குக் காரணங்கள் பல உண்டு. கலந்துபேச மறுத்த ஓர் அரசு, பேசக்கூடியவர்களை எல்லாம் ஒருசேர அடைத்து வைத்ததும் அவற்றுள் ஒன்று.

வங்கம்

வங்கப் பஞ்சத்தைப் பற்றிய ஆய்வுகள் முதலில் ஒரு கேள்வியில்தான் பிரிகின்றன. அரிசி இல்லாமல் போனதா, இருந்தும் எட்டவில்லையா? அமர்த்தியா சென் 1981-ல் வந்த தம் நூலில் 1943-ன் உணவு இருப்பு, பஞ்சம் வராத 1941-ஐவிட மோசமில்லை என்று வாதிட்டார். விலை ஏறிய வேகத்தில் கூலி ஏறவில்லை, வாங்கும் சக்தி அற்றுப் போனதே சாவுக்குக் காரணம் என்றார். அரசின் விளைச்சல் புள்ளிவிவரமே தவறு, 1942-ல் நெற்பயிரைத் தாக்கிய செம்புள்ளி நோயின் பாதிப்பைச் சென் குறைத்து மதிப்பிட்டார் என்று மார்க் டாகர் போன்றோர் மறுத்தார்கள். லண்டன் போர் மந்திரிசபை கப்பல் ஒதுக்க மறுத்ததை மதுஸ்ரீ முகர்ஜி முன்னிறுத்தினார். போர்ச் செலவுக்காகத் திட்டமிட்டே விலையை ஏறவிட்டார்கள் என்பது உத்சா பட்நாயக்கின் வாதம். மண்ணின் ஈரப்பதத்தைக் கணக்கிட்டு 2019-ல் வந்த ஓர் ஆய்வு, இது வறட்சியால் வந்த பஞ்சம் அல்ல என்றது.

விளைச்சல் குறைந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. குறைந்த விளைச்சலை யார் தலையில் கட்டுவது என்பதை அரசு எடுத்த முடிவுகள் தீர்மானித்தன. அந்த முடிவுகளை வரிசையாகப் பார்த்தாலே விடை தெரியும்.

ஜப்பான் படை இறங்கினால் அதன் கைக்கு எதுவும் கிட்டக் கூடாது என்று 1942-ல் கரையோர மாவட்டங்களில் உபரி அரிசியை அப்புறப்படுத்தினார்கள். பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளைப் பறிமுதல் செய்தார்கள். பதிவான 66,000-க்கும் மேற்பட்ட படகுகளில் சுமார் 46,000 அழிந்தன அல்லது மக்கள் கையைவிட்டுப் போயின. கீழை வங்கம் ஆறுகளால் ஆன நாடு. அங்கே படகு போனால் மீனவன் கடலுக்குப் போக முடியாது. குயவன் பானையைச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாது. ஆற்றுத் திட்டில் நிலம் வைத்திருப்பவன் விதைக்கவும் அறுக்கவும் அக்கரைக்குப் போக முடியாது. பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்கள் மீனவர்களும் படகுக்காரர்களும் நிலமில்லாத கூலிகளும், நெல் குத்திப் பிழைத்த பெண்களும்தான்.

1942 அக்டோபர் 16-ல் மேதினிபூர் மாவட்டத்தைப் புயலும் கடல் நீரும் தாக்கி 14,500 பேரைக் கொன்றன. மேதினிபூர் அப்போது ஆகஸ்ட் போராட்டத்தின் கொதிகளமாக இருந்தது. புயல் செய்தி வெளியே வராமல் பல நாட்கள் தணிக்கை செய்தார்கள். அந்த மாவட்டத்தில் நடந்த அடக்குமுறையைக் கண்டித்து சியாம பிரசாத் முகர்ஜி மாகாண மந்திரி பதவியை விட்டார். 1943 மார்ச்சில் கவர்னர் ஹெர்பர்ட் முதலமைச்சர் ஃபஸ்லுல் ஹக்கைப் பதவியிலிருந்து இறக்கினார். பசி நெருங்கிக்கொண்டிருந்த வேளையில் மாகாணத்துக்கு நிலையான ஆட்சி இல்லை.

அதற்குள் கல்கத்தாவில் வேறோர் ஏற்பாடு நடந்து முடிந்திருந்தது. போர்த் தொழிற்சாலை, ரயில்வே, துறைமுகம், அரசு ஊழியர் ஆகியோருக்கு முன்னுரிமைப் பிரிவினர் என்று பெயர். அவர்களுக்கு மலிவு விலையில் அரிசி தரப்பட்டது. அவர்களுக்கு வேண்டியதைச் சேர்க்க அரசும் முதலாளிகளும் என்ன விலை கொடுத்தும் கிராமத்தில் வாங்கினார்கள். 1942 தொடக்கத்தில் மணங்கு, அதாவது சுமார் 37 கிலோ, ஆறு ரூபாய் அளவில் விற்ற அரிசி 1943 மே மாதம் 30 ரூபாயைத் தாண்டியது. ஆகஸ்டில் 37. கிராமங்களில் அதற்கும் மேல். கூலிக்காரனின் வருமானமோ பழைய இடத்திலேயே இருந்தது. நெல்லை விளைவித்தவன் அரிசியைத் தேடி நகரத்துக்கு நடந்தான்.

1943 கோடையிலும் மழையிலும் கல்கத்தா நடைபாதைகளில் வந்து விழுந்த அந்தக் குடும்பங்கள் வாசல் வாசலாக நின்று சோறு கேட்கவில்லை, வடிகஞ்சி கேட்டார்கள். சோறு கேட்டால் யாரும் தர மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கழனித் தொட்டியில் ஊற்றும் கஞ்சித் தண்ணீரையாவது கொடுங்கள் என்று தகரக் குவளையை நீட்டினார்கள். சோறு வடிக்கும் வீட்டில் வளர்ந்த எவருக்கும் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

சட்டப்படி பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. அறிவித்தால் பஞ்ச விதிகளின்படி நிவாரணம் தந்தாக வேண்டும். பத்திரிகைத் தணிக்கை இருந்த சூழலில் ஆகஸ்ட் 22-ல் 'ஸ்டேட்ஸ்மன்' ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ் தெருவில் கிடந்தவர்களின் புகைப்படங்களை வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. ஓவியர் சித்தப்பிரசாத் கோட்டோவியங்களோடு வெளியிட்ட சிறு நூலை அரசு பறிமுதல் செய்து அழித்தது. லின்லித்கோ பதவி முடியும்வரை வங்கத்துக்குப் போய்ப் பார்க்கவில்லை. அக்டோபரில் புதிய வைஸ்ராயாக வந்த வேவல் ஒரு வாரத்துக்குள் கல்கத்தா போனார், ராணுவத்தை நிவாரணத்தில் இறக்கினார். ஓர் ஆள் மாறியதில் இவ்வளவு செய்ய முடிந்தது என்றால், அதற்கு முன் முடியாமல் போனதற்குப் போரைக் காரணம் காட்ட இடமில்லை. பம்பாயில் 1943 மே மாதமே ரேஷன் வந்துவிட்டது. கல்கத்தாவுக்கு வந்தது 1944 ஜனவரி கடைசியில்.

அதே மகுடத்தின் இன்னொரு வீடு

பிரிட்டனில் ரேஷன் தொடங்கியது 1940 ஜனவரி 8-ல், பஞ்சம் எதுவும் வருவதற்கு முன்பே. அரண்மனைக்கும் அதே புத்தகம். அந்த ஆண்டு ஜூலையில் கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மலிவாகவோ இலவசமாகவோ பால் தரும் திட்டம் வந்தது. பின்னர் ஆரஞ்சுச் சாறும் மீன் எண்ணெயும் சேர்ந்தன. அங்கும் கள்ளச் சந்தை இருந்தது, சுரங்கத் தொழிலாளர் வேலை நிறுத்தம் இருந்தது. லண்டன் மக்கள் சுரங்க ரயில் நிலையங்களில் தங்குவதை அரசு முதலில் விரும்பவில்லை. அவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள், அரசு பணிந்தது. பணிந்தாக வேண்டியிருந்தது, ஏனென்றால் தொழிற்கட்சி மந்திரிசபையில் இருந்தது, பாராளுமன்றம் கூடிக்கொண்டிருந்தது. போர் முடிந்தபோது அங்கே சிசு மரணம் போருக்கு முந்தைய அளவைவிடக் குறைந்திருந்தது.

லெனின்கிராட் முற்றுகையின்போதும் தொழிலாளிக்கு ஓர் அளவு, வேலைக்குப் போகாதவருக்கு அதில் பாதி என்று ரொட்டி பிரித்தார்கள். 1941 நவம்பரில் பின்னவரின் பங்கு நாளுக்கு 125 கிராம். கொடிய கணக்குதான். ஆனாலும் அந்த நகரத்தில் கணக்குக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் குறைவு. வங்கத்துக் கிராமவாசிக்கு அரைப் பங்கும் இல்லை, எந்தப் பட்டியலிலும் அவன் பெயர் இல்லை.

பட்டியலில் இல்லாதவர்கள் சாவுக் கணக்கிலும் முழுமையாக வரவில்லை. உட்ஹெட் தலைமையிலான விசாரணைக் குழு 15 லட்சம் பேர் இறந்ததாகச் சொன்னது. சென் 30 லட்சத்தை ஒட்டி மதிப்பிட்டார், ஆய்வாளர் கிரீனோ அதற்கும் மேல். இந்த அகலமான இடைவெளிக்கு ஒரு காரணம் உண்டு. கிராமத்தில் பிறப்பு இறப்பைப் போலீஸ் நிலையத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டியவர் ஊர்க் காவல்காரர். பல ஊர்களில் அந்தக் காவல்காரரும் இறந்துபோனார், அல்லது பசியால் ஊரைவிட்டுப் போனார். குழுவின் முன் அளிக்கப்பட்ட சாட்சியங்களை அழித்துவிடச் சொல்லி உத்தரவானது. உறுப்பினர்களில் ஒருவரான மணிலால் நானாவதி தம்மிடமிருந்த பிரதியை அழிக்காமல் வைத்திருந்ததால்தான் ஆய்வாளர்களுக்கு அது கிடைத்தது. பஞ்சத்துக்காக எந்த அதிகாரியும் மந்திரியும் தண்டனை பெறவில்லை.

தமிழ்நாட்டுப் பங்கும் இதுபோலத்தான் கலைந்து கிடக்கிறது. பர்மா வழியில் நடந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் 1940-களின் ரேஷன் அட்டை, ரங்கூன் முத்திரையிட்ட கடிதம், பட்டாளத்திலிருந்து வந்த மணியார்டர் துண்டு, கடைக் கணக்கு நோட்டு எதுவாவது இருந்தால் பழைய காகிதக்காரருக்குப் போடாதீர்கள். சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்கு ஒரு நகலாவது கொடுங்கள். அவற்றைப் பற்றிச் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருந்தால் அவர் பேசுவதை இந்த மாதமே பதிவு செய்துவிடுங்கள்.